ஒபினெலா, விக்டோரினாக்ஸா?

நண்பர்களே, தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன். மாம்பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, சணல் அறுக்க, அவ்வளவுதான் வேலை. முன்பு சந்தையில் வாங்கிய பெயரில்லாக் கத்தி திடீரென மடங்கி என் விரலைப் பதம் பார்த்துவிட்டது. அதனால்தான் பிரான்சின் ஒபினெல் எட்டாம் எண் மீது கண். மரப்பிடி, 8.5 செ.மீ. அலகு, திருகினால் பூட்டிக்கொள்ளும் வளையம். அழகு!

கார்பன் எஃகு எளிதில் கூர்தீட்டக்கூடியது. ஆனால் எலுமிச்சை பட்டால் கறுக்கும், எங்கள் கடலோர ஈரத்தில் துருவும் ஏறும். துருப்பிடிக்காத எஃகிலும் அதே கத்தி கிடைக்கிறது. எது நல்லது?

வீட்டிலோ சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ்தான் வேண்டுமாம், கத்தரிக்கோல் இருக்கிறதே என்று. ஆனால் அதன் 91 மி.மீ. (மடக்கிய நிலையில் நீளம்) வகைகளில் அலகுக்குப் பூட்டு இல்லை. பழைய கத்தி மடங்கி வெட்டியதை என் விரல் இன்னும் மறக்கவில்லை. இரண்டையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியவர்கள் யாராவது சொல்லுங்களேன். மழைக்காலத்தில் ஒபினெல் மரப்பிடி ஊறி, அலகைத் திறக்க முடியாமல் போகிறதா?