மூளைக்காய்ச்சல் வந்து போன வீடுகள்: உங்கள் அனுபவம்?

வெண்ணாற்றங்கரை:
1998 ஐப்பசி. தம்பிக்கு 7 வயது. மூன்று நாள் காய்ச்சல், அப்புறம் வலிப்பு, தஞ்சாவூரில் 18 நாள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். எங்கள் பக்கம் சாக்கடையே கிடையாது, எப்படி வந்ததோ. வீட்டுக்கு வந்த அன்று அம்மா ரசஞ்சோறு ஊட்டினாள். வாயில் வாங்கிக்கொண்டான். மெல்லவில்லை, விழுங்கவும் இல்லை. தாடையைத் தடவினால் ஓரமாக வழிந்து சட்டைப் பொத்தானில் நின்றது. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

இப்போது தானாகச் சாப்பிடுகிறான், மாட்டை அவிழ்த்துக் கட்டுகிறான். முகம் மட்டும் அன்று இருந்தது போலவே. பாட்டி செத்தபோது அழவில்லை. "பாசமில்லாத பய" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். ராத்திரி அவன் பாட்டியின் வெறுங்கட்டிலுக்கு அடியில் படுத்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கடைமடை:
எல்லா மூளைக்காய்ச்சலும் ஜப்பானியது போலக் கொசுவால் வருவதில்லை. அப்பாவுக்கு வந்தது ஹெர்ப்பிஸ் வைரஸ். காய்ச்சலோடு ஏதேதோ உளறினார், நாங்கள் இரண்டு நாள் வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் ஆஸ்பத்திரி, அந்த வைரஸுக்கான அசைக்ளோவிர் மருந்தை 21 நாள் ஏற்றினார்கள். உயிர் தங்கியது, புதிதாக எதுவும் மனசில் தங்கவில்லை. தினமும் காலையில் "மேட்டூர் தொறந்தாச்சாடா?" என்பார். நெல் அறுத்துக் களத்தில் கிடக்கும்போதும் கேட்பார். "தொறந்தாச்சுப்பா" என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அந்த இரண்டு நாளைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சம்பாக்காரன்:
அக்கா பையனுக்கு வந்தது, வலிப்பு மாத்திரை இன்னும் நிற்கவில்லை. அதை விடுங்கள். வெண்ணாற்றங்கரை அண்ணே, சாக்கடைக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. இதைப் பரப்புவது க்யூலெக்ஸ் கொசுவில் ஒரு வகை, அது பெரும்பாலும் நடவு வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும். கொக்கு, நாரை, பன்றி உடம்பில் வைரஸ் பெருகும், அங்கிருந்து கொசு வழியாக நமக்கு. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது, ஆகவே ஒதுக்கி வைக்காதீர்கள். கடிபட்டவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட மூளை வீங்காது. வீங்கினால்தான் ஆபத்து, இதற்கென்று தனி மருந்தும் இல்லை. பிழைத்தாலும் கை நடுக்கம், பேச்சுக் குழறல், இறுகிய முகம் என்று பலருக்கு நின்றுவிடும். அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, ராத்திரி கொசுவலை. உங்கள் மாவட்டம் இந்த நோய்க்கான அரசுப் பட்டியலில் இருந்தால் 9 மாதம் முடிந்ததும் ஒரு தடுப்பூசி, 16-லிருந்து 24 மாதத்துக்குள் இன்னொன்று. குழந்தைக்குப் போட்டாச்சா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். வயலோரம் குடியிருக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, அந்த ஊசியைப் பெரிய அளவில் போட ஆரம்பித்ததே 2006-ல். என் தம்பி விழுந்தது 1998-ல். ஒதுக்கி வைத்தோம் என்று நான் எங்கே சொன்னேன்? வயலோரம் குடியிருக்காதே என்கிறீர்கள், எங்கள் வாசலே வயல்தான்.