வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்சி நர்சிங்: ஆன்லைன் டிகிரி கவுன்சிலில் ஏறுமா?

கொழிஞ்சாம்பாறை ஸ்டாஃப்:
வணக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) படித்தேன். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிந்து அங்கேயே வேலை பார்த்தேன், கல்யாணத்துக்குப் பிறகு கேரளா ரெஜிஸ்ட்ரேஷனும் எடுத்து, இப்போது பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியுவில் இருக்கிறேன். இன்சார்ஜ் போஸ்ட்டுக்கு பி.எஸ்சி கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். ஜிஎன்எம் முடித்தவர்களுக்கான ரெகுலர் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி என்றால் இரண்டு வருஷம் வேலையை விட வேண்டும், வீட்டுக் கடனும் சின்னக் குழந்தையும் இருக்கும்போது அதற்கு வழியே இல்லை. ஒரு ஏஜென்ட் ஆன்லைனில் ஒரே வருஷத்தில் பி.எஸ்சி நர்சிங் வாங்கித் தருகிறேன், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்கிறார். வடக்கே ஏதோ யுனிவர்சிட்டி, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் என்று ஒரு லெட்டரும் காட்டினார். இந்த வாரமே முதல் தவணை கட்டச் சொல்கிறார். நாத்தனாரின் தோழி அமெரிக்காவில் ஆன்லைனில்தான் டிகிரி முடித்தார், அங்கே செல்லுபடியாவது இங்கே ஏன் ஆகாது என்று வீட்டில் கேட்கிறார்கள். கட்டலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.

வாளையார் ட்யூட்டர்:
கட்டாதீர்கள் சிஸ்டர். அந்த யுனிவர்சிட்டிக்கு யுஜிசி அங்கீகாரம் உண்மையாகவே இருக்கலாம், பிரச்சினை அதில் இல்லை. தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான யுஜிசியின் 2020 விதிகளில் எந்தெந்தப் படிப்பை இந்த முறையில் நடத்தக்கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது, மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி, பிசியோதெரபியோடு நர்சிங்கும் அதில் வருகிறது. அதனால் இங்கே ஆன்லைன் பி.எஸ்சி நர்சிங் என்று யார் விற்றாலும், அந்தச் சான்றிதழைக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாக ஏற்ற முடியாது. கவுன்சிலில் ஏறாத டிகிரியை வைத்து இன்சார்ஜ் போஸ்ட்டும் கிடைக்காது, எம்.எஸ்சியும் சேர முடியாது. இதே மாதிரி சான்றிதழோடு எங்கள் கல்லூரிக்கு எம்.எஸ்சி விசாரிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும்போது மனசு கஷ்டமாக இருக்கும், எல்லாம் நைட் பார்த்துச் சேர்த்த பணம்.

அப்புறம், ஒரே வருஷத்தில் போஸ்ட் பேசிக் முடிகிற கணக்கு எங்குமே கிடையாது. ரெகுலர் என்றால் இரண்டு வருஷம். வேலையில் இருப்பவர்களுக்கென்று இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்தும் போஸ்ட் பேசிக் தொலைநிலைப் படிப்பு குறைந்தது மூன்று வருஷம், தொலைநிலையாக இருந்தாலும் இதற்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டு. உங்கள் நிலைமைக்கு அதைத்தான் பார்க்க வேண்டும். பிளஸ் டூவும் ஜிஎன்எம்மும் இருந்தால், ஆர்என்ஆர்எம் (நர்ஸ், மிட்வைஃப்) பதிவுக்குப் பிறகு இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். பத்தாம் வகுப்போடு ஜிஎன்எம் படித்தவர்களுக்கு அதுவே ஐந்து வருஷம். விண்ணப்பிக்கும்போது வேலையில் இருக்க வேண்டும், நுழைவுத் தேர்வும் உண்டு.

டல்லாஸ் நைட் ஷிப்ட்:
நான் குமுளிப் பக்கத்துக்காரன், இப்போது டெக்சாஸில் வேலை. அமெரிக்கக் கதையை நான் சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்ட்கள் அதைக் காட்டித்தான் ஆட்களைச் சேர்க்கிறார்கள். இங்கே இரண்டு வருஷ அசோசியேட் டிகிரி முடித்தவர்களே என்கிளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வை எழுதி ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகிவிடலாம். ஆன்லைன் பி.எஸ்.என் (நர்சிங் இளநிலை டிகிரி) என்பது அந்த லைசென்ஸைக் கையில் வைத்திருப்பவர்களுக்கானது. வார்டு பயிற்சியெல்லாம் முன்பே முடிந்திருக்கும், ஆராய்ச்சி, சமூக சுகாதாரம், தலைமைப் பொறுப்பு, புள்ளியியல் என்று மேற்கொண்டு படிப்பதைத்தான் கம்ப்யூட்டரில் படிக்கிறார்கள். அதிலும் பல இடங்களில் ஊருக்குப் பக்கத்திலேயே நேரில் செய்ய வேண்டிய பயிற்சி இருக்கும். நியூயார்க்கில் 2017ல் ஒரு சட்டமே வந்தது, புதிதாக ஆர்என் ஆகிறவர்கள் பத்து வருஷத்துக்குள் பி.எஸ்.என் முடிக்க வேண்டும் என்று. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கல்லூரிக்கு சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் என்ற நர்சிங் படிப்பு அமைப்புகளின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேருவார்கள்.

அதனால் நாத்தனாரின் தோழி ஆன்லைனில் முடித்தது சரிதான், ஆனால் பாலக்காட்டில் இருந்துகொண்டு நீங்கள் அதில் சேர முடியாது, பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்க லைசென்ஸ் இல்லாமல் சேர்ப்பதில்லை. இங்கே வரும் எண்ணம் இருந்தால் முதலில் என்கிளெக்ஸ் பாருங்கள். ஜிஎன்எம் படித்தவர்களை ஏற்கும் மாநிலங்கள் இருக்கின்றன. டிகிரியை வந்த பிறகு முடித்துக்கொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டாஃப்:
ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். வெளிநாட்டு எண்ணம் இப்போது இல்லை. இக்னோ என்றால் இரண்டு சந்தேகம். அனுபவத்தை கேரளா ரெஜிஸ்ட்ரேஷனிலிருந்து எண்ண வேண்டுமா, தமிழ்நாட்டிலிருந்தா? அடுத்தது பெயர். ஜிஎன்எம் சான்றிதழிலும் தமிழ்நாடு பதிவிலும் ஒற்றை இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, கேரளா பதிவில் வீட்டுக்காரர் பெயர் சேர்ந்துவிட்டது.

வேலந்தாவளம் அக்கா:
பெயர் விஷயத்தை முதலில் சரி செய் கண்ணு, பார்டரில் இருக்கிற நமக்கெல்லாம் இதே தலைவலிதான். அக்ஷயா சென்டருக்கு (கேரள இ-சேவை மையம்) போய் வில்லேஜ் ஆபீஸில் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட்டுக்கு, அதாவது இந்தப் பெயரெல்லாம் ஒரே ஆள்தான் என்கிற சான்றுக்கு எழுதிப் போடு. எந்தெந்தச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அந்த எழுத்தோடு எல்லாப் பெயரையும் அதில் கொடுக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி அலைய வேண்டும். எஸ்எஸ்எல்சி புக்கையும் எடுத்துக்கொண்டு போ. விண்ணப்பத்தில் எஸ்எஸ்எல்சியில் இருக்கிற பெயரையே போடு.

வாளையார் ட்யூட்டர்:
ஆர்என்ஆர்எம் பதிவு எந்த மாநிலக் கவுன்சிலாக இருந்தாலும் செல்லும், அதனால் தமிழ்நாட்டில் பதிந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். பாஸ் ஆன தேதி கணக்கில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி மூன்றும் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பழைய ஆஸ்பத்திரியில் இழுத்தடிப்பார்கள், இப்போதே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, இக்னோவின் எல்லா சென்டரிலும் நர்சிங் கிடையாது. பயிற்சி நடக்கும் சென்டர் எங்கே என்று விசாரித்துவிட்டு ரீஜனல் சென்டரைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் ப்ராக்டிகலுக்கு நேரில் போயே ஆக வேண்டும். நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் அந்த நாட்களுக்கு லீவு தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த லீவு கிடைக்காமல்தான், பாடம் கஷ்டமாக இருந்து நிற்பவர்கள் குறைவு. அட்மிஷன் அறிவிப்பு வந்திருக்கிறதா என்பதை இக்னோ தளத்திலேயே பாருங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

சித்தூர் தம்பி:
அக்கா, எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலைக்கான நார்செட் தேர்வு யோசித்தீர்களா? அதற்கு டிகிரி கட்டாயம் இல்லை, ஜிஎன்எம்மோடு 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் இருந்தால் எழுதலாம். நான் அதற்குத்தான் படிக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டாஃப்:
நார்செட் பற்றித் தெரியாது தம்பி, வயது வரம்பு பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எஸ்எஸ்எல்சி புக்கையும் ஜிஎன்எம் மார்க் லிஸ்டையும் ஒரிஜினலாக அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், ஆபீஸில் இருக்கிறது என்று தள்ளிப்போடுகிறார்.

வேலந்தாவளம் அக்கா:
நாளைக்கே வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நேரில் போ. தரவில்லை என்றால் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடு, ரசீதை வாங்காமல் வராதே. ஒரிஜினல் கைக்கு வந்ததும் இங்கே ஒரு வரி போடு.