பழைய மரக் கதவு, புதிய இரும்புக் கதவு: கராஜ் வேலையை ஒரே ஆளிடம் கொடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீடு பழையது. கராஜுக்கு ஒரே பலகையாக மரக் கதவு. கீழ்ப்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு மேலே போய்ப் படுக்கும். பின்னாளில்தான் மோட்டார் மாட்டினோம். மழைக்காலம் வந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. பார்க்க வந்தவர் ரிமோட்டை இரண்டு தடவை அமுக்கிவிட்டு, மோட்டார் போய்விட்டது என்றார். அக்கா வீடு அடுத்த தெருவில், கட்டி ஏழெட்டு வருடம்தான் ஆகிறது. பேனல் பேனலாக ஏறும் இரும்புக் கதவு. போன வாரம் ராத்திரி பட்டென்று பெரிய சத்தம். அதிலிருந்து ஒரு சாண் ஏறி நின்றுவிடுகிறது. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாமா? வருகிறவருக்கு வேலை தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் (கராஜ் கதவு வேலை செய்பவன்):
அக்கா வீட்டு விஷயம் அவசரம், அதை முதலில் சொல்கிறேன். கதவுக்கு மேலே சுவரை ஒட்டி ஒரு நீளத் தண்டு போகும். அதில் கோத்திருக்கும் சுருள் ஸ்பிரிங்கைக் கீழே நின்றே பாருங்கள். நடுவில் இரண்டு விரல் அளவு இடைவெளி தெரிந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. இனி பட்டனை அமுக்க வேண்டாம். மோட்டாரின் பல்சக்கரமும் சேர்ந்து போய்விடும். கதவு கொஞ்சம் திறந்த நிலையில் நின்றால், மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்க மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றையும் இழுக்காதீர்கள். இரண்டு கார் அகலக் கதவு 60 கிலோவை எளிதாகத் தாண்டும், பிடிப்பு இல்லாமல் அப்படியே இறங்கும்.

கதவில் குறை என்று நினைக்க வேண்டாம். வழக்கமான ஸ்பிரிங்கை 10,000 தடவை திறந்து மூடும் கணக்கில்தான் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு 4 தடவை என்றால் ஏழு வருடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். மற்றதற்கும் அதே வயதுதானே.

உங்கள் கதவுக்கு வருகிறேன். பாரத்தைத் தூக்குவது மோட்டார் இல்லை, ஸ்பிரிங். கதவின் எடையும் ஸ்பிரிங்கின் இழுப்பும் தராசுத் தட்டு இரண்டும் போல நிற்க வேண்டும். மோட்டார் லேசாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் மோட்டாரைக் கழற்றி விட்டுத்தான் பார்ப்பேன். நீங்களும் பார்க்கலாம். கதவு முழுக்க மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்து, கையால் இடுப்பு உயரம் தூக்கி, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். கைகால் அடியில் இருக்கக் கூடாது. நின்றால் ஸ்பிரிங் சரி, அப்புறம் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். கீழே இறங்கினால் ஸ்பிரிங்தான். இதைச் செய்யாமல் மோட்டாரைக் குறை சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

மரம் மழையில் ஈரம் குடித்து எடை ஏறும், ஸ்பிரிங் பழைய எடைக்கே இழுக்கும். இதைச் சமாளிக்கச் சிலர் மோட்டாரின் விசையைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். விசை கூடினால், குழந்தை மேல் பட்டாலும் கதவு நிற்காது. மோட்டாரைத் திரும்ப மாட்டியதும் 4 செ.மீ. தடிமன் பலகை ஒன்றைத் தரையில் படுக்க வைத்துக் கதவை மூடுங்கள். தொட்டவுடன் திரும்ப மேலே போக வேண்டும். போகவில்லை என்றால் சரிசெய்யும்வரை மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள்.

பதில் (மரக் கதவு வைத்திருப்பவர்):
கதவின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். எங்கள் வீட்டில் முன்பக்கம் பளபளவென்று பெயின்ட், அடியில் வெறும் மரம். தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறியது. வெயில் காலத்தில் நன்றாகக் காயவிட்டு எல்லா விளிம்புக்கும் பெயின்ட் அடித்த பிறகு உப்பல் அடங்கிவிட்டது. உள்பக்கம் வெப்பத்துக்காக அட்டையோ தெர்மாகோலோ ஒட்டினால் அதுவும் எடைதான். ஸ்பிரிங்கைத் திரும்பச் சரிபார்க்கணும்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, சோதித்துப் பார்த்தேன். விட்டதும் கீழே இறங்குகிறது. இன்னொருவர், இதை எடுத்துவிட்டுப் பேனல் கதவே போடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில் (கராஜ் கதவு வேலை செய்பவன்):
வாசல் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்தாரா? பேனல் கதவின் தண்டவாளம் வளைந்து உள்ளே போக, வழக்கமாக 30 செ.மீ. வேண்டும். குறைந்த இடத்துக்கென்று தனி அமைப்பு உண்டு, ஆனால் முதலிலேயே தெரிந்தாக வேண்டும். பழைய வீட்டில் வாசல் சட்டம் கோணலாகவும் இருக்கும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும்.

மரம் உளுத்துப் போகாமல் உறுதியாக இருந்தால் நான் அந்தக் கதவை வைத்துக்கொள்வேன். மரம் காய்ந்த பிறகு எடை பார்த்து, அதற்கேற்ற பக்கவாட்டு ஸ்பிரிங் இரண்டும் புதிதாகப் போட்டால் போதும். ஸ்பிரிங் அறுந்தால் பறக்காமல் பிடிக்க, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் உள்ளேயும் பாதுகாப்புக் கம்பி ஒன்றும் ஓட வேண்டும். பழைய கதவுகளில் பெரும்பாலும் இருக்காது.

ஒரே ஆளிடம் கொடுப்பதில் தவறில்லை. போனிலேயே கேளுங்கள்: கதவை எடை போடுவீர்களா? அக்கா வீட்டு ஸ்பிரிங்குக்குக் கம்பியின் தடிமன், உள்விட்டம், நீளம், சுற்றும் திசை எல்லாம் அளப்பீர்களா? ஆமாம் என்று சொல்லி, எப்படி என்றும் விளக்குகிறவரை வரச் சொல்லுங்கள். அதுவரை தண்டிலும், கதவின் அடிமூலையில் கேபிள் மாட்டியிருக்கும் தகட்டிலும் ஸ்பானர் வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.