டிஸ்க் கை மாறும் வரைக்கும்தான் கன்சோல் மலிவு: பிசி, கன்சோல், கேம் விலை – நம்ம பக்கத்து அனுபவங்கள்

நொய்யல்கரை (திருப்பூர்)

தம்பிமார் நிறையப் பேர் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, கையில 50 ஆயிரம் இருக்குங்க. பிஎஸ்5 வாங்கட்டுங்களா, பிசி அசெம்பிள் பண்ணட்டுங்களா?" பிஎஸ்5 என்றால் சோனியின் பிளேஸ்டேஷன் 5, டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல்; பிசி என்றால் கணினி. என் வீட்டில் இரண்டும் இருக்கிறது, இரண்டிலும் வருடக்கணக்காக விளையாடுகிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும்.

பெட்டி விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கேமை விளையாடி முடித்த பிறகு கையை விட்டுப் போன பணம் எவ்வளவு என்று பாருங்கள். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ளது 49,990 ரூபாய், இல்லாதது 39,990. 2022 நவம்பரில் இரண்டிலும் ஐயாயிரம் ஏற்றிவிட்டார்கள். பத்தாயிரம் மிச்சம் என்று டிரைவ் இல்லாததை எடுத்த நண்பர்கள் எனக்கு உண்டு. டிரைவ் இல்லாவிட்டால் செகண்ட் ஹேண்ட் டிஸ்க் போட முடியாது, எல்லாவற்றையும் டவுன்லோடாகவே வாங்கவேண்டும். அந்தப் பத்தாயிரம் சில கேம்களிலேயே கரைந்துவிடும். பிஎஸ்4 காலத்தில் சோனியின் பெரிய கேம் 3,999 ரூபாய் இருந்தது, பிஎஸ்5க்கு வந்ததும் 4,999 ஆகிவிட்டது. பனியனில் வேலை பார்க்கிற பையன் சனிக்கிழமை வாங்கும் சம்பளம் முழுசும் ஒரே கேமுக்குப் போய்விடும்.

நான் முழு விலை கொடுத்து டிஸ்க் வாங்குவது அரிது. யாராவது முடித்துவிட்டு விற்பார்கள், 2,800க்கோ 3,000க்கோ எடுப்பேன். விளையாடி முடித்ததும் நானூறு, ஐந்நூறு குறைத்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவேன். அவ்வளவுதான் எனக்கு அந்தக் கேமின் விலை. அவினாசியிலிருந்து ஒரு பையன் 'காட் ஆஃப் வார் ரக்னராக்' வாங்கப் புது பஸ் ஸ்டாண்டுக்கே வந்தான். பணத்தை எடுக்கும் முன் டிஸ்க்கை விரல் படாமல் ஓரத்தில் பிடித்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, நடுவிலிருந்து விளிம்பு வரை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டை தேடுகிற மாதிரியே இருந்தது. ஒரு மயிரிழைக் கோடு தெரிந்ததும், "இது டீப்பா இறங்கிருக்குங்களா, மேலாப்புலதானுங்களா?" என்று கேட்டான். மேலாப்பு என்று அவனே பார்த்துத் திருப்தியான பிறகுதான் ஜீபே பண்ணினான். கொஞ்ச நாளில் அதே டிஸ்க் பல்லடத்தில் இன்னொருவரிடம் போய்விட்டதாகச் சொன்னான். ஒருவர் கொடுத்த 4,999 ரூபாயில் எத்தனை பேர் விளையாடியிருக்கிறோம் பாருங்கள்.

பிசி பக்கம் கணக்கே வேறு. ஸ்டீம் என்கிற பிசி கேம் ஆன்லைன் கடையில் வாங்கினதை விற்க முடியாது, இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. ஆனால் விலை இறங்கும். 2015 நவம்பருக்கு முன்னால் ஸ்டீமில் டாலரில்தான் வாங்கவேண்டும், வெளிநாட்டுக்குப் பணம் போகிற கார்டு வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று தேடவேண்டும். ரூபாய் விலை வந்தது, அப்புறம் யுபிஐயும் வந்தது. 2022 ஜனவரியில் 'காட் ஆஃப் வார்' பிசிக்கு வந்தபோது 3,299 ரூபாய். பொறுத்திருந்தவர்களுக்கு சேலில் பாதி விலைக்குக் கிடைத்தது. இன்னொன்று, வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தந்துவிடும். என் பிசியில் திக்கித் திக்கி ஓடிய கேம்களை நான் அப்படித்தான் திருப்பியிருக்கிறேன். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே அந்த உரிமை போய்விடும், கேமே பழுதாக இருந்தால் தவிர. அந்தப் பழுதும் எந்த அளவுக்குப் போகும் என்பதை 'சைபர்பங்க் 2077' காட்டியது. 2020 டிசம்பரில் பிஎஸ்4இல் அது ஓடிய லட்சணத்துக்கு, சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி வைத்தது 2021 ஜூனில்.

வரியையும் பாருங்கள். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கன்சோலுக்கு 28 சதவீதம், கேமின் படத்தைத் திரையில் காட்டும் கிராபிக்ஸ் கார்டு போன்ற கணினிப் பாகங்களுக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். விளையாட்டுப் பொருள் என்றாலே ஆடம்பரம் என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும். 2019இல் கன்சோலையும் 18 சதவீதத்துக்கு இறக்கிவிட்டார்கள், ஆனாலும் எனக்கு இதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

ஆனால் பிசிக்காரர்கள் பட்ட பாட்டையும் மறக்க முடியாது. 2021இல் அமெரிக்காவில் 329 டாலர் என்று அறிவித்த ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு, கோவையில் நான் விசாரித்த கடையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். அதுவும் கார்டை மட்டும் தரமாட்டார்களாம், கேபினட், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), மானிட்டர் எல்லாம் சேர்த்து எடுத்தால்தானாம். கார்டு எல்லாம் கிரிப்டோ மைனிங்குக்கு, அதாவது டிஜிட்டல் நாணயம் எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்கிற நாணயம் மைனிங் முறையையே கைவிட்ட பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

---

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்)

அண்ணா எழுதினது எல்லாம் சரிங்க. ஆனால் 50 ஆயிரம் தனியாகக் கேமுக்கு என்று எடுத்து வைக்க முடிகிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியே வரும். எங்கள் மாதிரி வீடுகளில் கேமுக்கு என்று கேட்டால் ஒரு ரூபாய் கிடைக்காது. வேலைக்கு என்று லேப்டாப் வாங்கினேன், அதில்தான் கேமும். எனக்குப் பிசி பக்கம் சாய்வு வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

2020 மே மாதம், ஊரடங்கில், ஸ்டீம் மாதிரியே இன்னொரு கடையான எபிக் ஸ்டோரில் 'ஜிடிஏ 5' இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் நம் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சேர்த்துவிட்டேன். இறக்குவதுதான் பெரும்பாடு. கேம் 90 ஜிபிக்கு மேல், எனக்கு இருந்ததோ தினம் ஒன்றரை ஜிபி மொபைல் நெட். அதிலும் வீட்டுக்குள் டவர் எடுக்காது, மொட்டைமாடித் தொட்டி மேல் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போடவேண்டும். கடைசியில் எங்கள் வீதிக்கு பைபர் லைன் வந்த பிறகுதான் அந்தக் கேமைக் கண்ணால் பார்த்தேன். பிசி கேம் மலிவு என்று பேசுகிறவர்கள் இந்த நெட் செலவையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். டிஸ்க்கில் முழு கேமும் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

விலை பற்றி எனக்கு இன்னொரு கருத்து இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் கேம்களை வைத்தே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் அதிக நேரம் விளையாடியது 'ஸ்டார்டியூ வேலி'. எரிக் பாரோன் என்கிற ஒரே ஆள், படம், பாட்டு, நிரல் எல்லாம் தானே செய்து நான்கு வருடத்துக்கு மேல் உழைத்து, 2016இல் வெளியிட்டது. அமெரிக்காவிலேயே விலை 14.99 டாலர்தான், வந்த பிறகு சேர்த்த பெரிய அப்டேட்டுகளுக்கு அவர் ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை. தாத்தா விட்டுப்போன தோட்டத்தைத் திருத்திப் பயிர் வைக்கிற கேம் அது. எங்கள் அப்பா மஞ்சள் காட்டுக்காரர், ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பருவம் மாறின அன்றைக்குக் காலையில் என் பயிர் பூராவும் காய்ந்து கிடந்தது. "தண்ணி உட்டியா கண்ணு?" என்றார். விட்டேன், அடுத்த பருவம் பிறந்துவிட்டது, அதனால் பட்டுவிட்டது என்றேன். "பட்டம் தப்புனா அப்படித்தான் ஆகும். செஞ்சவனுக்கு வெவசாயம் தெரிஞ்சிருக்குது" என்றார். அதற்கு முன்னால் கேம் என்றாலே பேசமாட்டார். இப்போது நான் என்ன போட்டிருக்கிறேன் என்று அவரே கேட்கிறார்.

அதனால் பெரிய கம்பெனிகள் 70 டாலர், 80 டாலர் என்று ஏற்றிக்கொண்டே போகும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. 2025 செப்டம்பரில் 'சில்க்சாங்' வந்தபோது டீம் செர்ரி வைத்த விலை 20 டாலர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மிகச் சிறிய குழு அது. வெளியான அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உட்படப் பல ஸ்டோர்கள் திணறின. நியாயமான விலை வைத்தால் ஜனம் வாங்கும்.

---

ஆழியாற்றுக்காரன் (பொள்ளாச்சி)

நான் உங்களுக்கெல்லாம் மூத்தவன். டிவி கேமில் கான்ட்ரா கேசட்டை எடுத்து ஊதி ஊதிப் போட்ட தலைமுறை. என் ஓட்டு கன்சோலுக்கு, காரணம் விலை இல்லை. பிசியில் ஒருத்தர் அறைக்குள் உட்கார்ந்து விளையாடுவார், கன்சோல் ஹாலில் இருக்கும். மாரியம்மன் நோம்பிக்கு எங்கள் வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள், மாமன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள். இரண்டு கன்ட்ரோலர், தோற்றவன் எழுந்திருக்கவேண்டும். இதற்கு ஆன்லைன் சந்தாவும் வேண்டாம். சோனியின் சந்தாவான பிஎஸ் பிளஸ் கட்டினால்தான் வாங்கின கேமையே பிறத்தியாருடன் ஆன்லைனில் விளையாடலாம் என்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிசியில் அந்தக் கட்டணம் கிடையாது, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

திருப்பூர்த் தம்பி சொன்ன டிஸ்க் கணக்கில் ஒரு விலக்கு உண்டு. கால்பந்து மாதிரி வருடா வருடம் புதுசு வருகிற கேம் டிஸ்க்கை வைத்திருந்து விற்க முடியாது. 2023இல் பிஃபா என்ற பெயரையே விட்டுவிட்டு இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று மாற்றினார்கள். பழைய பிஃபா டிஸ்க்கை இப்போது சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. அடுத்தது வரப்போகும் நேரத்தில் போன வருடத்ததை வாங்குங்கள், பிள்ளைகளுக்கு அது போதும்.

அப்புறம் இபி பில். பிஎஸ்5 பெரிய கேம் ஓடும்போது 200 வாட் அளவுக்கு இழுக்கும். நல்ல கார்டு போட்ட பிசி அதைவிட அதிகம் இழுக்கும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டினால் மிஞ்சினதுக்கு மட்டும் விலை ஏறாது, முன்னால் ஓடின யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் மாறிவிடும். வெயில் காலத்தில் ஏசி ஓடுகிற வீட்டில் தினமும் நாலைந்து மணி நேரம் பிசி ஓடினால் அந்தக் கோட்டைத் தாண்ட வைப்பது அதுவாகவே இருக்கலாம். எங்கள் வீட்டில் மீட்டரைப் பார்த்துத்தான் விளையாடுவோம்.

---

நொய்யல்கரை (திருப்பூர்)

கோபிக்காரங்க சொன்னது மனசில் தைத்துவிட்டது. வேலைக்கு வாங்கின லேப்டாப்பிலேயே விளையாடலாம் என்பது கன்சோல்காரர்களால் பதில் சொல்ல முடியாத பாயிண்ட். பொள்ளாச்சி அண்ணா, நோம்பிக்கு ஒரு தடவை கூப்பிடுங்க, நானும் ஒரு கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

எனக்கு இருக்கிற பயம் என்னவென்றால், டிஸ்க்கையே ஒழித்துக்கொண்டு வருகிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் 2020இல் 34,990 ரூபாய்க்கு வந்தபோதே டிரைவ் கிடையாது. 2024இல் வந்த பிஎஸ்5 ப்ரோவிலும் டிரைவ் இல்லை, தனியாக வாங்கி மாட்டவேண்டும். 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் அதை இந்தியாவில் வெளியிடவில்லை என்று சோனி சொன்னது, அது வேறு கதை. டிஸ்க் இருந்தும் பயனில்லாத நிலைமையும் வந்துவிட்டது. யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31இல் 'தி க்ரூ' என்கிற கார் கேமின் சர்வரை அணைத்தது. காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அந்தக் கேம் அன்றோடு முடிந்தது. தனியாளாக விளையாடக்கூட வழி இல்லை. அதே வருடம் அக்டோபரில், நீங்கள் வாங்குவது கேமைப் பயன்படுத்தும் உரிமம்தான் என்று ஸ்டீமும் பணம் கட்டும் பக்கத்தில் எழுதிப் போட்டது. உரிமம்தான் தருகிறார்கள் என்றால் விலையும் அதற்குத் தக்கபடி இருக்கவேண்டாமா? டிஸ்க்குக்கும் டவுன்லோடுக்கும் ஒரே 4,999 என்பது எந்த ஊர் நியாயம்? அட்டைப்பெட்டி இல்லை, லாரி வாடகை இல்லை, கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை, நமக்கு மறுவிற்பனையும் இல்லை. அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இப்போது எல்லாரும் கேட்பது 'ஜிடிஏ 6'க்காக. அதைச் செய்யும் ராக்ஸ்டார் கம்பெனி அறிவித்திருப்பது 2026 நவம்பர் 19, பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும் மட்டும். 'ஜிடிஏ 5' 2013இல் வந்து பிசிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது, 'ரெட் டெட் 2' பிசிக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பிசி வைத்திருப்பவர்கள் பொறுமையாக இருங்கள், அந்த ஒரு கேமுக்காகக் கன்சோல் எடுக்காதீர்கள். புதிதாகப் பிசி போட நினைக்கிறவர்களுக்கும் இது நல்ல நேரம் இல்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது, மைக்ரான் கம்பெனி கடையில் ரேம் விற்கும் தன் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இருக்கிற பிசியை வைத்து ஓட்டுங்கள்.

பிசி, கன்சோல் எதுவுமே இல்லாத, படிக்கிற தம்பிக்கு நான் சொல்வது: டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5ஐ பில்லோடு செகண்ட் ஹேண்டில் எடு. வாங்கும் இடத்திலேயே ஒரு டிஸ்க்கைப் போட்டுப் படிக்கிறதா பார், அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேள், கன்ட்ரோலர் குச்சியை விட்டதும் தானாக நகர்கிறதா என்று பார். அவசரம் என்று பணத்தை முன்னாலேயே அனுப்பிவிடாதே.

காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கம் டிஸ்க் மாற்றுகிறவர்கள் யாராவது இருந்தால் எந்த கேம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், என்ன விலைக்கு விட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஊர் வாரியாக ஒரு விலைப் பட்டியல் போட்டு வைக்கிறேன்.