டெம்ப்ளேட் இருந்தா அக்ரீட்டா தப்பவே தப்பாதாமே!

நெல்லை_ஸ்கேன்: நேத்து இங்க ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார்: "முந்தைய சிசேரியன், லோ லையிங் ப்ளாசென்டா (கீழே இறங்கி இருக்கிற நஞ்சுக்கொடி). ஸ்கேன் ரிப்போர்ட் டெம்ப்ளேட்டை நிரப்பினா அக்ரீட்டா (நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரோட ஒட்டிப் பிரியாம இருக்கிறது) கண்ணுல படாமத் தப்பவே தப்பாது." அந்த டெம்ப்ளேட்ல முதல் கட்டமே ‘கிளியர் ஸோன் இருக்கா, இல்லையா’ (நஞ்சுக்கொடிக்கும் கர்ப்பப்பைத் தசைக்கும் நடுவுல தெரியற கறுப்புக் கோடு). ஆன்டீரியர் (கர்ப்பப்பையோட முன்பக்கம் இருக்கிற) ப்ளாசென்டாவுல ஸ்கேன் ப்ரோபைக் கொஞ்சம் அழுத்தினாலே அந்தக் கறுப்புக் கோடு காணாமப் போயிரும். உடனே ‘இல்லை’ன்னு டிக் அடிச்சு, நல்லா இருக்கிற பொண்ணை அக்ரீட்டான்னு பயமுறுத்தவா?

கோவை_டாப்ளர்: எழுதினது நான்தான். அழுத்தாமப் பாருங்க சார்! 2016லயே ஐரோப்பியக் குழு வரையறை கொடுத்தாச்சு: கிளியர் ஸோன், லாக்யூனே (நஞ்சுக்கொடிக்குள்ள ரத்தக் குழிகள்), 1 மி.மீ.க்குக் குறைஞ்ச மயோமெட்ரியம் (கர்ப்பப்பைத் தசை), பிளாடர் வால் (மூத்திரப்பைச் சுவர்)... வரிசையாப் பார்த்தா எது விடுபடும்? ‘மற்றபடி நார்மல்’னு முடிக்கிறவங்களுக்குக் கசக்கத்தான் செய்யும்.

நெல்லை_ஸ்கேன்: வரிசை எனக்கும் தெரியும். கிளியர் ஸோனுக்குப் பதில் வரலையே?

லேபர்_வார்டு_அக்கா: ரிப்போர்ட்டை நம்பிக் கத்தி பிடிக்கிறவ நான். எத்தனை யூனிட் ரத்தம், யூராலஜிஸ்ட் வேணுமான்னு முடிவு பண்ண பிளாடர் வால் பத்தி ஒரு வரி வேணும். போன மாசம் வந்ததுல ‘ப்ளாசென்டா ஆன்டீரியர், லோ லையிங்’. அவ்வளவுதான். முன்னாடி 2 சிசேரியன் ஆனதே அதுல இல்லை.

நெல்லை_ஸ்கேன்: சீட்டுல வெறும் ‘ஏ.என். ஸ்கேன்’ (கர்ப்பகால ஸ்கேன்)னு கிறுக்கி அனுப்பினா 2 சிசேரியன் எனக்குக் கனவுலயா வரும் மேடம்?

லேபர்_வார்டு_அக்கா: வயித்துல ஜெல் தடவுறப்போ தழும்பு கண்ணுக்குத் தெரியாதா டாக்டர்?

மெஷின்_ராஜா: ஏற்கெனவே ஃபார்ம் எஃப்ல (கருவோட பாலினம் கண்டுபிடிக்கிறதைத் தடுக்கிற சட்டத்துப் படிவம்) ஒரு கட்டம் விட்டாலே மெஷினுக்கு சீல். இதுல இன்னொரு படிவமா? ஆளை விடுங்கப்பா.

கோவை_டாப்ளர்: ஃபார்ம் எஃப் சட்டத்துக்கு, இது தாய்க்கு. குழப்பாதீங்க.

நெல்லை_ஸ்கேன்: மறுபடியும் கேக்கறேன், கிளியர் ஸோன். உங்க டெம்ப்ளேட்டை இறக்கிப் பார்த்தேன். ‘இருக்கு’ன்னு முன்கூட்டியே அடிச்சு வச்சிருக்கு! ‘சரியாத் தெரியலை’ன்னு கட்டமே இல்லை. பிளாடர் காலியா இருந்துச்சா நிறைஞ்சிருந்துச்சான்னு கேள்வியும் இல்லை. காலி பிளாடர்ல அந்த வாலை எப்படிச் சார் பார்ப்பீங்க? கர்ப்பப்பை எடுத்தவங்களுக்கு ‘யூட்ரஸ் நார்மல் சைஸ்’னு ரிப்போர்ட் போறதெல்லாம் இந்த மாதிரி டெம்ப்ளேட் புண்ணியத்துலதான்.

கோவை_டாப்ளர்: படிக்காம கையெழுத்துப் போடறவன் தப்புக்கு டெம்ப்ளேட்டை ஏன் திட்டணும்? உங்க கோபம் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அந்த சி.எம்.இ.ல (டாக்டர்களுக்கான தொடர் கல்விக் கூட்டம்) உங்க ஸ்லைடைப் பத்தி நான் கேட்ட கேள்விதானே?

நெல்லை_ஸ்கேன்: கேள்வியா அது? மைக்கைப் பிடுங்கிக் கிண்டல் பண்ணீங்க. அன்னிக்கும் விஷயம் கிளியர் ஸோன்தான், அன்னிக்கும் பதில் இல்லை.

மெஷின்_ராஜா: அந்த சி.எம்.இ.ல பிரியாணி மட்டும் நல்லா இருந்துச்சு.

லேபர்_வார்டு_அக்கா: நாளைக்கு எனக்கு ஒரு ப்ரீவியா (நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைக்கிறது) கேஸ் இருக்கு. ரிப்போர்ட்ல ‘கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ன்னு (நோயாளியைப் பரிசோதிச்சு ஒப்பிட்டுப் பாருங்கன்னு) போட்டிருக்கு. இது உங்க ரெண்டு பேர்ல யாரோட கைங்கரியம்?

நெல்லை_ஸ்கேன்: டெம்ப்ளேட்காரரைக் கேளுங்க.

கோவை_டாப்ளர்: என் டெம்ப்ளேட்ல அந்த வரியே கிடையாது. இறக்கிப் பார்த்தேன்னு சொன்னீங்களே?