போட்டிக் கம்பெனிக்கே கடன் கொடுத்த கதை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சுபாங்காரன்:

விமானக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்தேன். பெயர் வேண்டாம். எங்கள் போட்டிக் கம்பெனி தள்ளாடுகிறது என்பது கோலாலம்பூர் பக்கம் சுபாங்கில் தே தாரிக் ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். எங்களிடமே கடன் கேட்டு வருவார்கள் என்றுதான் யாரும் நினைக்கவில்லை.

வந்தவர் அவர்களுடைய நிதி மேலாளர், நம்மவர், ஐம்பது வயதிருக்கும். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப்போட்டார், லோகோ உள்பக்கம் போகிற மாதிரி. கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என் மேசைக்கு வந்து, "தம்பி, ஒரு பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா? எங்க ஆபீஸ்ல டோனர் இல்ல" என்றார். விமானம் ஓட்டுகிற கம்பெனியில் டோனர் இல்லை. பாக்கி நின்றதால் சப்ளையர் நிறுத்திவிட்டாராம்.

பதினான்கு பக்கம். கடன் கேட்கிற விண்ணப்பமே எங்கள் தாளில், எங்கள் மெஷினில் வந்தது. ஒன்பதாவது பக்கம் மேலே கிடந்ததால் கண்ணில் பட்டது. நிலுவைப் பட்டியல். எண்ணெய்க்காரர், விமான நிலையக் கட்டணம், அதற்குக் கீழே ஊழியர் சேமநிதியான இபிஎஃப், நான்கு மாதம். சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், கட்டவில்லை.

என் மச்சான் அங்கேதான் வேலை பார்த்தான். அன்று ராத்திரி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான், புது மோட்டார்சைக்கிளுக்கு லோன் போடப்போவதாகச் சொன்னான். "போடாதே" என்று நான் சொல்லவில்லை. ஆபீஸ் ரகசியம்.

கடன் கொடுத்தோம், சும்மா இல்லை. இரண்டு ஸ்பேர் என்ஜினை ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தோம்.

ராம்ப் பையன் பினாங்கு:

பினாங்கு விமான நிலையம் இருக்கிற பாயான் லெப்பாஸில் நடந்தது, இதைவிடச் சின்னது. சாயந்தரம் கோலாலம்பூர் போகிற விமானம், ஆள் ஏறியாச்சு. எண்ணெய் லாரிக்காரர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார், மாட்டமாட்டேன் என்கிறார். அந்தக் கம்பெனிக்குக் கடன் கிடையாது, காசு வந்ததாக ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப் வரவேண்டும் என்று உத்தரவாம். ஜன்னலில் ஒரு பாட்டி எங்களுக்குக் கை காட்டிக்கொண்டே இருக்கிறார், டாட்டா காட்டுகிறோம் என்று நினைத்து.

அடுத்த நிறுத்துமிடத்தில் எங்கள் விமானம். எங்கள் டூட்டி மேனேஜர் ஒரு சீனர், அதிகம் பேசமாட்டார். நேரே நடந்து போய், "எங்கள் கணக்கில் போடு" என்று பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டிக் கம்பெனி விமானத்துக்கு! மறு வாரம் அவருக்கு விளக்கம் கேட்டு ஷோ காஸ் கடிதம் வந்தது. நான் கேட்டேன், ஏன் பாஸ் என்று. "அது அங்கேயே நின்றால் என் விமானம் எப்படி வெளியே போகும்?" என்றார். இரக்கமா கணக்கா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செந்தூல் அண்ணன்:

ராம்ப் பையா, நீ சொன்னது கடன் இல்லை, கைமாற்று. இரண்டையும் குழப்பாதே. சுபாங்காரன் சொன்னதுதான் கடன், ஈடு இருக்கிறது பார்.

என் அனுபவம் இரண்டு வரிதான்: பினாங்குக்கு நாலு டிக்கெட் எடுத்தேன், கம்பெனி படுத்துவிட்டது, காசு போச்சு.

இங்கே எல்லாரும் ஏதோ பாவப்பட்டுக் கொடுத்த மாதிரி எழுதுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு விமானக் கம்பெனி இன்னொன்றுக்குக் கடன் கொடுத்தால் முதலில் ஈடு என்ன என்று பாருங்கள். 2018 நவம்பரில் அமெரிக்காவின் யுனைடெட், கொலம்பியாவின் அவியாங்கா பக்கம் 456 மில்லியன் டாலர் கொடுத்தது. நேராக அவியாங்காவுக்கு இல்லை, அதன் பெரும்பான்மைப் பங்கை வைத்திருந்த முதலாளியின் கம்பெனிக்கு. ஈடு அந்தப் பங்குகளேதான். மறு வருடமே நிபந்தனை மீறல் என்று சொல்லி முதலாளியின் கையிலிருந்து பிடியைப் பறித்துவிட்டார்கள். சரி, ஜெயித்தார்களா? 2020 மே மாதம் அவியாங்கா திவால் பாதுகாப்பு கேட்டு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. ஈடாக வாங்கிய பங்கை வைத்து என்ன செய்வது?

விர்ஜின் ஆஸ்திரேலியா கதை இன்னும் ருசி. 2016 மார்ச்சில் அதன் பெரிய பங்குதாரர்கள் சேர்ந்து 425 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் ஒரு வருடக் கடனாகக் கொடுத்தார்கள். யார் யார்? ஏர் நியூசிலாந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எத்திஹாட், அப்புறம் விர்ஜின் குழுமம். முதல் மூன்றும் விமானக் கம்பெனிகள். கூட்டாளியா போட்டியாளரா என்று அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. அதே மாதம் ஏர் நியூசிலாந்து, பங்கை விற்கலாமா என்று பார்க்கிறோம் என அறிவித்தது. ஜூனில் சுமார் 20 சதவீதத்தைச் சீனாவின் நான்ஷான் குழுமத்துக்குத் தள்ளிவிட்டது. அப்போது அங்கே தலைமை நிர்வாகி கிறிஸ்டோபர் லக்சன், பிறகு நியூசிலாந்து பிரதமர் ஆனவர். 2020 ஏப்ரலில் விர்ஜின் ஆஸ்திரேலியா கடனைக் கட்ட முடியாமல் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. எப்போது வெளியேறுவது என்று தெரிந்தவன் பிழைத்தான்.

இன்னொன்று. இவர்கள் எப்போதுமே ஒருவருக்கொருவர் கடன்காரர்கள்தான். ஒரே டிக்கெட்டில் பாதி வழி இவன் விமானம், மீதி வழி அவன் விமானம் என்றால், டிக்கெட் விற்றவன் மற்றவனுக்குப் பங்கு தரவேண்டும். அதைத் தீர்க்கவே விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஐயாட்டாவில் கிளியரிங் ஹவுஸ் இருக்கிறது, 1947லிருந்து. ஒரு கம்பெனியை அதிலிருந்து நிறுத்திவைத்தார்கள் என்று செய்தி வந்தால் அந்தக் கம்பெனியில் டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் எடுங்கள். விமானம் ஓடாவிட்டால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய காசைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்கலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நான் டெபிட் கார்டில் எடுத்தேன், அது என் முட்டாள்தனம்.

ஹேங்கர் மகள்:

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது 2011ஐ இழுப்பார்கள், யாரும் இன்னும் இழுக்காதது ஆச்சரியம். நானே இழுக்கிறேன், தப்பாகச் சொல்வதற்குள்.

அது கடன் இல்லை. பங்கு மாற்று. 2011 ஆகஸ்ட் 9. ஏர் ஏசியாவின் டோனி பெர்னாண்டஸ் தரப்புக்கு மாஸில், அதாவது மலேசியா ஏர்லைன்ஸில், 20.5 சதவீதம், மாஸ் பங்கை வைத்திருந்த அரசு முதலீட்டு நிறுவனம் கஸானாவுக்கு ஏர் ஏசியாவில் 10 சதவீதம். மாஸ் தொழிற்சங்கம் எதிர்த்தது. 2012 மே மாதம் பழையபடி திருப்பிக்கொண்டார்கள்.

அப்பா சுபாங் ஹேங்கரில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்குப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த கேஸ் சிலிண்டர்காரர் வரைக்கும் நிறுத்தி, "இருபது புள்ளி அஞ்சு, பத்து, கணக்கு சரியா வருதா?" என்று கேட்டார். பாவம் அந்த ஆள், கேஸ் விலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொன்னார். ஒன்பது மாதம் கழித்துத் திருப்பிக்கொண்ட செய்தி வந்தபோது அப்பா அந்தப் பேப்பரைத் தேடினார். அம்மா அதில் கருவாடு மடித்திருந்தார்.

செந்தூல் அண்ணன், உங்களிடம் ஒரு கேள்வி. எல்லாமே ஈடு, பங்கு, பிடி என்றால், அந்தச் சீன மேனேஜர் கையெழுத்துப் போட்டாரே, அவருக்கு என்ன ஈடு?

லெபோ பினாங் பேரன்:

இதற்குப் பதில் எங்கள் தாத்தா சொல்லியிருப்பார். ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கட்டடத்தில், ஒரு செட்டியாரிடம் அடுத்தாளாக இருந்தவர். கீழ்நிலைப் பெட்டியடிப் பையனாக வந்து அடுத்தாள் ஆனார், கடையை நடத்துகிற மேலாள் ஆகுமுன் ஊருக்குப் போய்விட்டார், அது வேறு கதை.

ஒரே கூரைக்குக் கீழே பக்கத்துப் பக்கத்துப் பெட்டி, எல்லாம் தனித்தனிக் கடை, ஒருவருக்கொருவர் போட்டி. ஆனாலும் ஒரு கடைக்கு முடை வந்தால் பக்கத்துப் பெட்டியிலிருந்து நடப்பு வட்டிக்குப் பணம் நகரும். வெளியாளுக்குக் கொடுக்கிற வட்டி இல்லை அது. தாத்தா சொல்வார்: ஒரு கடை முறிந்தால் மறுநாள் காலையில் பணம் போட்டவன் எல்லாக் கடை வாசலிலும் நிற்பான், எது நல்ல கடை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதற்காகக் கொடுத்தார்கள். இது கருணையும் இல்லை, செந்தூல் அண்ணன் சொல்கிற மாதிரி கழுத்தறுப்பும் இல்லை. அந்த லாரிக்காரர் இன்று அந்த விமானத்துக்குக் குழாய் மாட்டவில்லை என்றால், நாளைக்கு மற்றக் கம்பெனிகளிடமும் முன்பணம் கேட்பார். சீன மேனேஜருக்கு இது புரிந்திருக்கும்.

செந்தூல் அண்ணன்:

கிட்டங்கியில் கேரண்டி கொடுக்க ஜாதி இருந்தது, கோயில் இருந்தது, ஊரில் பெண் கொடுத்து எடுத்த உறவு இருந்தது. விமானக் கம்பெனிக்கு என்ன இருக்கிறது? என்ஜின். சுபாங்காரன், அந்தக் கடன் திரும்பி வந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

சுபாங்காரன்:

பாதி வந்தது. மீதிக்கு என்ஜின் வந்தது, லோ லோடரில், மழையில். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், தாங்கி நின்ற ஸ்டாண்டில் அவர்கள் லோகோவை யாரும் சுரண்டவில்லை. எங்கள் விமானத்துக்குப் பொருந்தாத மாடல். வேறு நாட்டுக்காரனுக்கு விற்றோம்.

மச்சான் மோட்டார்சைக்கிளை வாங்கிவிட்டான். கம்பெனி மூடியபோது ஆறு மாதத் தவணைதான் கட்டியிருந்தான். பிறகு ஒருநாள் இபிஎஃப் ஸ்டேட்மென்டை எடுத்துவந்து, "அண்ணே, நீங்க கணக்கு ஆளாச்சே, இது ஏன் இப்படி இருக்கு?" என்று என்னிடமே கேட்டான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல்முறை பார்ப்பது மாதிரிப் பார்த்தேன்.

செந்தூல் அண்ணன்:

இபிஎஃப் விஷயத்தில் அலட்சியம் கூடாது. முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும் என்பது சட்டம். எல்லாரும் ஆன்லைனில் தங்கள் கணக்கை மாதா மாதம் பாருங்கள், ஒரு மாதம் விட்டிருந்தாலும் உடனே புகார் கொடுங்கள். உங்கள் மச்சானிடமும் சொல்லி வையுங்கள்.

சுபாங்காரன்:

15ஆம் தேதி எனக்குத் தெரியும் அண்ணே. ஒன்பதாவது பக்கத்தில் நாலு 15ஆம் தேதி வரிசையாக இருந்தது.