லெட் ஜெப்பலின் நாலாவது ஆல்பம்: மெதுவாக ஓடியது என் பிளேயரா, பாட்டா?

சிந்துபூந்துறைக்காரன்:

ரெண்டு வாரமாக வேறு எதுவும் காதில் ஏறவில்லை. இங்கிலாந்து ராக் இசைக்குழு லெட் ஜெப்பலினின் நாலாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, 'வென் தி லெவி பிரேக்ஸ்', அதிலேயே கிடக்கிறேன். ஏழு நிமிஷப் பாட்டு. ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது போட்டால் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதும் முடிந்திருக்காது. நேற்று முடியட்டும் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், எதிர்வீட்டு ஆச்சி வந்து "என்னய்யா, தலைசுத்தா, சோடா வாங்கிட்டு வரச் சொல்லவா" என்று கேட்டுவிட்டாள்.

எனக்கு இது புதுப் பாட்டு இல்லை. காலேஜ் படிக்கும்போது பாளையங்கோட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 90 நிமிஷ கேசட்டில் பதிந்து வாங்கியது. ஏ பக்கம் இந்த ஆல்பம், பி பக்கம் டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பம், அது முடிந்து இடம் மிச்சம் இருந்ததால் கடைக்காரர் தன் கைங்கரியமாக எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பியிருந்தார். இன்றைக்கும் 'மெஷின் ஹெட்' முடிந்தால் மனசு உடுக்கைச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது.

அப்போது என்னிடம் இருந்த பிளேயரில் பெல்ட் தளர்ந்து எல்லாப் பாட்டும் இழுவையாகத்தான் ஓடும். லெவியும் அதனால்தான் இழுக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது போனில் கேட்டால் மற்ற பாட்டெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது, இது மட்டும் அதே இழுவை. அப்புறம் அந்த டிரம்ஸ்! எங்கோ கிணற்றுக்குள் இருந்து அடிக்கிற மாதிரி, ஆனால் நெஞ்சில் வந்து விழுகிறது. எப்படிப் பதிந்தார்கள், யாருக்காவது தெரியுமா?

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். செருப்புப் பெட்டியில் இருந்த கேசட் எல்லாம் சகதியாகிப் போனது, இந்த ஒன்றை மட்டும் தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருக்கிறேன். தேறுமா?

கல்லிடை அண்ணாச்சி:

தம்பி, முதலில் வண்டி ஓட்டும்போது ஹெட்செட் போடாதீரும்.

உம்ம பிளேயர் மேல் அன்றைக்குப் பழி போட்டது பாவம். அந்தப் பாட்டை வாசித்தது கொஞ்சம் வேகமாக, அப்புறம் டேப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். டேப் மெதுவானால் சுருதியும் கீழே இறங்கும், ஒவ்வொரு சத்தமும் கனத்துப் போகும். மவுத் ஆர்கனை உற்றுக் கேளும், மூச்சு விடுகிற ஆள் சேற்றுக்குள் நடக்கிற மாதிரி இருக்கும்.

டிரம்ஸ் விஷயம் இதைவிட ருசி. இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய பெரிய வீடு. முன்கூடத்தில், மாடிப்படி அடியில், ஜான் போனமை டிரம்ஸோடு உட்கார வைத்தார்கள். பதிவு செய்த ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியில் இருந்து ரெண்டே ரெண்டு மைக்கைத் தொங்கவிட்டார். வழக்கமாக ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் ஒரு மைக் வைப்பார்கள், இங்கே அது கிடையாது. அதனால் நீர் கேட்பது தோலை மட்டும் இல்லை, அந்தக் கூடம், சுவர், படிக்கட்டு எல்லாம் சேர்ந்துதான் முழங்குகிறது. அதோடு எக்கோ மெஷின் ஒன்றையும் சேர்த்தார்கள். எங்கள் பழைய வீட்டு பட்டாசாலையில் உலக்கை போட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரியும், அதே சங்கதிதான்.

ஜெப்பலின் கிடார்காரர் ஜிம்மி பேஜே மேற்பார்வை பார்த்து 2014-ல் வெளியிட்ட இந்த ஆல்பத்தின் பதிப்பைக் கேளும்.

பேட்டை பிளாக்:

ஜெப்பலின் ஜெப்பலின் என்று எத்தனை நாளைக்குலே. கனம் வேணும்னா பிளாக் சப்பாத் குழுவைப் போடு. அதன் கிடார்காரர் டோனி அயோமி தகரத் தொழிற்சாலையில் ரெண்டு விரல் நுனியை இழந்த ஆள், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். வலிக்காமல் இருக்கக் கம்பியைத் தளர்த்தினார், சுருதி இறங்கியது, அந்தக் கனம் வந்தது. அவர்கள் ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', 1971, உன் ஆல்பம் வந்த அதே வருஷம்தான். டேப்பை மெதுவாக்குகிற வித்தையெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை.

தென்காசிச் சாரல்:

டிரம்ஸ், மைக் எல்லாம் சரி, பாட்டு எதைப் பற்றி என்று ஒருத்தருமே சொல்லவில்லையே! லெவி என்றால் வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் கட்டுகிற கரை. 1927-ல் மிசிசிப்பி ஆற்றில் கரை உடைந்து பெருவெள்ளம் வந்தது, லட்சக்கணக்கான பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அதை வைத்து 1929-ல் கான்சஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி என்ற புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து பதிவு செய்த பாட்டு. ஜெப்பலின் அதைத்தான் எடுத்துக் கனமாக்கினார்கள். அண்ணே, உங்கள் பெட்டியில் வெள்ளத்துக்குத் தப்பியது வெள்ளப் பாட்டு. மூலத்தையும் தேடிக் கேளுங்கள், ரெண்டு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான், இவ்வளவு பயமுறுத்தாது.

அடுத்து ஜெப்பலினின் 'காஷ்மீர்' பாட்டைப் போடுங்கள். கிடார் மூன்று மூன்றாகப் போகும், டிரம்ஸ் நாலு நாலாகப் போகும், பன்னிரண்டில் ரெண்டும் வந்து சேரும். என் மாமா கணியான் கூத்துப் பைத்தியம். சுடலைமாடன் கொடைக்கு எங்கே கூத்து என்றாலும் போய் மகுடம் என்ற தோல் மேளம் அடிக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அவரிடம் ஒரு காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். தொடையில் தட்டிக்கொண்டே நாலைந்து சுற்றுக் கேட்டார். "வாசிக்கிறவன் சரக்கு உள்ளவன்தான், ஆனா தோலைக் கொஞ்சம் தீயில காட்டியிருக்கலாம்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

கல்லிடை அண்ணாச்சி:

மாமாவை நான் விசாரித்ததாகச் சொல்லம்மா.

தம்பி, கேசட் கதையை விட்டுவிட்டேன். எந்த பிளேயரிலும் போட்டுவிடாதீரும், சகதி, நாடாவைப் படிக்கிற ஹெட்டை அரித்துவிடும். மூலையில் திருகு இருந்தால் கழற்றி, ரெண்டு சக்கரத்தையும் நாடாவோடு அப்படியே எடுத்து, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி அலசும். வெயிலில் வேண்டாம், நிழலில் ஒரு வாரம். அப்புறம் வேறு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றும்.

சிந்துபூந்துறைக்காரன்:

அண்ணாச்சி, நேற்று ராத்திரி திறந்துவிட்டேன். நாலு திருகு வந்தது, ஒன்று துருப்பிடித்து உடைந்தது. நாடா அறுபடவில்லை, ஆனால் பி பக்கம் எழுதிய சீட்டு கரைந்துபோய் 'அம்மன்' என்ற எழுத்து மட்டும் மிச்சம். இப்போது ரெண்டு சக்கரமும் மச்சில் பழைய தினமணி மேல் காய்கிறது. பூனை ஏறாமல் முறத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

பேட்டை, சப்பாத் இறக்கியாச்சு. இனி வண்டியில் இல்லை, திண்ணையில்.